மொய்னுதீன் பாய் காட்டிய சாம்பிள்

பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருந்த மொய்னுதீன் பாய் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய சாம்பிளை நம்பிச் சரக்கு வாங்கியவன் உருப்பட்டதும் இல்லை. காட்டும் ஒரு பிடி இறால் கட்டைவிரல் பருமன் இருக்கும். மூட்டையைப் பிரித்தால் பாதிக்குமேல் தூள். சாம்பிள் என்றால் இருப்பதில் நல்லது. அவருக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

ஐம்பத்தாறாம் வருஷம், மகள் ஜாஹிதாவின் நிக்காஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது, கால் எரிகிறது என்று பொன்னேரிக்கு எங்கள் டாக்டரிடம் வந்தார். நான் அங்கே கம்பவுண்டர்.

"சர்க்கரை இருக்கான்னு பாக்கணும் பாய். நாளைக்கு மூத்திரம் சாம்பிள் எட்னு வாங்க" என்று புட்டியைக் கொடுத்தேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. சர்க்கரை என்று வந்தால் கல்யாண அல்வா கிடையாது. அந்த அல்வாவை ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன்.

மறுநாள் மனைவி மெஹர்னிசாவோடு வந்து புட்டியைக் கொடுத்தார். நீல மருந்தில் எட்டு சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. இதுவோ செங்கல் நிறத்துக்குப் போய்த்தான் நின்றது. இனி இனிப்பைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று டாக்டர் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்.

பாய் என்னைத் தனியே இழுத்தார். "கம்பவுண்டர், அது என்னுது இல்ல. மூட்டை தூக்கற குப்புராஜுது. நம்ம மண்டியில அவன்தான் நல்ல சரக்கு!"

வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, வெளியே வண்டியோடு நின்ற குப்புராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பெருமையாகச் சொன்னான்: "சர்க்கரை இருக்குதான்னு பாக்கப்போறாங்கன்னு மொதலாளி சொன்னாரு. இல்லன்னுட்டா மண்டி பேரு இன்னா ஆவறது? அதான் ஒரு கட்டி வெல்லம் கரைச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டு, பாயிடம் அவருடையதையே வாங்கிக் காய்ச்சினேன். சுத்த நீலம்! கால் எரிச்சலுக்குக் காரணம் கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு. பாய் அழுதேவிட்டார். காய்ச்சிய கண்ணாடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு மனைவியிடம் ஓடினார்.

"இது யாருது?" என்றார் அந்த அம்மாள்.

"அல்லா மேல ஆணையா என்னுதுதான்! கம்பவுண்டரையே கேளு!"

நானும் சத்தியம் செய்தேன்.

"உங்களுக்கு எத்தினி வீசை இறால் குடுத்தாரு?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "இருவது வருசமா உங்க சாம்பிளைப் பாத்துக்கினுதான் கீறேன். மொதல்ல வந்ததுதான் மூட்டை. இது சாம்பிள்."

நிக்காஹ் அன்று பாய்க்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் தட்டில் அல்வா விழவில்லை. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.