நோகாத வாய்

என் கணவருடைய வாய்ப்புண்ணுக்கு எங்கள் ஒழுங்கையில் மருந்து சொல்லாத ஆள் இல்லை. செட்டிகுளத்தில் நெல் விதைப்பவர்களைவிட வைத்தியர்கள்தான் கூட என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாரும் கண்டுபிடித்த நோயும் ஒன்றுதான்: சூடு.

"நண்டுச் சூடு தங்கச்சி, வேறொண்டுமில்லை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலிலை அவிச்சு மனுசனுக்குக் குடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நண்டு நின்றது. பிறகு கத்தரிக்காய், செத்தல் மிளகாய். நாக்கோரத்தில் இருந்த ஒரு புண்ணுக்காக வீடே உறைப்பில்லாத பால்கறி தின்றது. புண்ணில் தேன் பூசினேன், தலைக்கு நல்லெண்ணெய் வைத்து வார்த்தேன். மனுசன் நிறுத்தாதது வெற்றிலை மட்டும். புகையிலையோடு இடது கன்னத்தில் அடக்கிவைப்பவர், புண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறாராம், வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"வெத்திலை கிருமியைக் கொல்லும், தெரியுமோ உமக்கு?"

உங்கள் தமையனையும் அதுதானே காப்பாற்றியது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தமையன் வாயில் புற்று வந்து செத்தவர். அவருக்கும் முதலில் சூடு என்றுதான் சொன்னார்கள். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கழிந்தும் இவருடைய புண் ஆறவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கத்தி, அழுது, ஒருவழியாக ஆளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன்.

பல் டொக்டர் எங்கள் மகளின் வயதுப் பெண். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, லைட் அடித்துப் பார்த்தார். உடைந்த கடைவாய்ப் பல்லின் கூர் நாக்கில் உரசிக்கொண்டிருந்ததாம். அந்தக் கூர்முனையை அராவி மழுக்கிவிட்டார்.

"உப்புத் தண்ணியாலை கொப்பளியுங்கோ ஐயா. வெத்திலையை இண்டையோடை விடுங்கோ. சத்துக் குறைஞ்சாலும் கன்னத்தைக் கடிச்சாலும் புண் வரும், தானா ஆறிப்போகும். மூண்டு கிழமைக்கு மேலை ஆறாட்டிச் சும்மா இருக்கக்கூடாது. இது ரெண்டு கிழமையிலை மாறாட்டித் திரும்பி வாங்கோ."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்துவிட்டது.

"நல்லாச் சொல்லுங்கோ பிள்ளை! நானும் சாப்பிட்டாப்பிறகு வெத்திலை போடுறனான்தான். எனக்கு ஒருநாளும் ஒரு புண் வந்ததில்லை. எல்லாம் ஆளைப் பொறுத்தது."

டொக்டர் சிரிக்கவில்லை. "நீங்களும் இந்தக் கதிரையிலை இருங்கோ அம்மா" என்றார்.

என் கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவி, ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினார்.

"நோகுதோ?"

"இல்லையே!" பெருமையாகத்தான் சொன்னேன்.

"இதிலை வெள்ளையாப் படர்ந்திருக்குது. நோகாததாலை உங்களுக்குத் தெரியேல்லை. ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கவேணும்."

பல்லுக்கூர் போன சந்தோசத்தில் சிரித்துக்கொண்டு நின்ற மனுசன் கதிரைக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, இது கான்சரோ?"

அவருக்காகக் கேட்கவேண்டும் என்று பஸ்ஸில் வழிநெடுக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, கடைசிவரை கேட்கத் துணியாத கேள்வி அது.