ரெண்டு சாம்பல் பாம்பு

பாம்பு வளக்கிற பொம்பளை வீடு எதுன்னு கேட்டா பர்மாவுல, மிங்கலா தாங்ஞுன்ட்டுல எங்க தெருவுல யாரு வேணாலும் வழி காட்டுவாங்க. "பால் ஊத்துவீங்களா, முட்டை வைப்பீங்களா?"ன்னு நம்ம தமிழ் ஆளுங்களே கேப்பாங்க. எலி போடுறேன்னு சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. நான் என்ன ஆசைப்பட்டா வளத்தேன்? தம்பி பாங்காக் போறப்ப என் தலையில கட்டிட்டுப் போனது. ஒரே மாசம்னான். நாலு வருஷம் ஆச்சு.

கார்ன் ஸ்நேக்குன்னு பேரு, விஷம் கிடையாது. சாதாரணமா செம்மண் நிறத்துல இருக்கும், என்னுது சாம்பல். அந்தச் சாம்பல்லயே ரெண்டு வம்சம் உண்டு, அனெரி, சார்க்கோல்னு. பாத்தா அச்சு அசல் ஒண்ணுதான். வளந்தப்புறம் அனெரிக்குத் தொண்டையில லேசா மஞ்சள் ஏறும், சார்க்கோலுக்கு ஏறாது. என்னுதுல பொட்டு மஞ்சள் இல்ல, சார்க்கோல். வேற வேற வம்சத்தைச் சேத்து வச்சா, பொறக்கிறது அத்தனையும் செவப்பு. ஒரு சாம்பல்கூட வராது. லத்தா பேட்டையில பிளாஸ்டிக் சாமான் கடையில வேலை முடிஞ்சு வந்தா பேச ஆள் இல்லாத வீடு. இதெல்லாம் படிக்க எனக்கு நேரம் நிறைய. ஃபேஸ்புக்ல பாம்புக்காரங்க குழுவுல நிறத்துக்குச் சந்தேகம்னா என்னைத்தான் கேப்பாங்க.

அப்படித்தான் தின்கன்ஜூன்லேர்ந்து ஒரு வாத்தியார் எழுதினார். அவர்கிட்ட ஒரு சாம்பல் ஆண், என்கிட்ட பொண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல வந்தார். கூடையில காய்கறி, அதுக்கடியில தலையணை உறைக்குள்ள பாம்பு. "கண்டக்டர் பாத்திருந்தா நடுவழியில இறக்கி விட்டிருப்பான்கா"ன்னு சிரிச்சார். அவரும் தமிழ் ஆள்தான், பாதிப் பேச்சு பர்மியம். இங்க வாத்தியாரை சயான்னுதான் சொல்லுவோம், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அது அவர் சம்சாரம் விரல் தண்டியில வாங்கி வளத்த பாம்பு. அந்தம்மா தவறி ரெண்டு வருஷம். பிள்ளைங்க இல்ல. பாம்புக்கும் வயசாயிருச்சு. "இது போறதுக்குள்ள இதே மாதிரி ஒரு சாம்பல் குட்டி கிடைச்சாப் போதும்கா. அவ கையால வளத்தது, அத்தோட நின்னுறக் கூடாது."

எங்க வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம், நடுவுல பகல்லயும் இருட்டு, அன்னிக்குக் கரண்டும் இல்ல. நான் மட்டும் அவர் பாம்பை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போய், தாடையைத் தூக்கி வெயில்ல பாத்தேன். மஞ்சள். லேசுதான், ஆனா மஞ்சள்.

உள்ளேர்ந்து கேட்டார்: "ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?"

அந்த வீட்டுல யாரும் அக்கான்னு கூப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சோ. இல்லன்னு சொன்னா உறையைச் சுருட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருவார். "ஒண்ணுதான் சயா"ன்னுட்டேன்.

நாலு மாசம், ஞாயிறு தவறாம வந்தார். முதல்ல பாம்புகளைச் சேத்து வைக்க, அப்புறம் முட்டையைப் பாக்க. தேங்காய் நார்த்தூள்ல பதினோரு முட்டை. வர்றப்ப மோஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், வாங்கிட்டு வருவார், நான் டீ போடுவேன். அவர் பள்ளிக்கூடத்துக் கூத்தெல்லாம் சொல்லுவார், நான் கடைக்கு வர்றவங்களைத் திட்டித் தீப்பேன். மத்த ஆறு நாளையும் அந்த ஒரு நாளுக்காகத்தான் தள்ளினேன், அதுல என்ன வெக்கம்?

முட்டை பெட்டியில இருக்கும்போதே அவர் பாம்பு செத்துப்போச்சு. போன்ல அழுதார். அழுதுட்டு, "பரவால்லக்கா, முட்டை இருக்குல்ல"ன்னார். அப்பவாவது சொல்லியிருக்கணும். பாவி நான், வாயைத் திறக்கல.

பொரிஞ்சதும் ஞாயித்துக்கிழமைதான். ரெண்டு பேரும் பெட்டி முன்னால உக்காந்திருந்தோம். ஓட்டைக் கீறிக்கிட்டு முதல் தலை வந்துச்சு, செவப்பு. "அடுத்தது சாம்பலா இருக்கும்"ன்னார். அதுவும் செவப்பு. ஒவ்வொண்ணுக்கும் அதையே சொன்னார். அஞ்சாவதுக்கு அப்புறம் சொல்லல.

"என் ராசி அவ்வளவுதான். நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு எனக்கு ஆறுதல் சொன்னார் மனுஷன்.

பேசாம இருந்திருந்தா அடுத்த வாரமும் வந்திருப்பார். ஆனா அவர் கேட்ட சாம்பல் அந்தச் செவப்புக்குள்ளதான் ஒளிஞ்சு கிடக்கு. ஆணும் பொண்ணுமா ரெண்டு குட்டியை மூணு வருஷம் வளத்துச் சேத்து வச்சா, அடுத்த தலைமுறையில திரும்பி வரும். அதை எப்படிச் சொல்லாம விடுறது? ரெண்டும் வேற வம்சம்ங்கிறதுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன்.

பெட்டியைப் பாத்துக்கிட்டே, "இது செவப்பாத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முத நாள்லேர்ந்து சயா. நீங்க வரணும்னுதான்..."

திட்டுவார்னு பாத்தேன், திட்டல. டீயை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சார்.

குட்டிங்க முதல் சட்டை உரிச்சப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார், வாசல்லயே நின்னார். ரெண்டு ஆண், ரெண்டு பொண்ணு பிரிச்சுக் குடுத்தேன். ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கித் தானே ஒரு தடவை பாத்துட்டுத்தான் உறைக்குள்ள விட்டார். சாம்பல் பொறந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது? கேக்கல.