உறை மட்டும் போதும்

போன வாரம் ஒருவர் போன் செய்தார். தபால் முத்திரைகள் சேகரிப்பவராம். கடற்படை ஓய்வு கொடுத்து, பிறகு உடைத்தும்விட்ட ஒரு நாசகாரிப் போர்க்கப்பலுக்கு எந்தெந்த ஊர் வழியாகக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று வரலாறு எழுதுகிறாராம். என் கணவர் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“பழைய கவர் இருந்தா காட்டுங்கம்மா. உள்ள இருக்குற லெட்டர் வேண்டாம், கவர் மட்டும் போதும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகமே கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்துப்போடும். நானும் அப்படித்தான், ஒன்றைத் தவிர.

பீரோவிலிருந்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. அந்தக் காலத்தில் கப்பல் கடிதங்களில் டீசல் வாடை அடிக்கும். வடமதுரையில் எங்கள் தோட்டத்து ஆயில் இஞ்சின் கொட்டகையிலும் அதே வாடைதான். நிச்சயமான பிறகு நான் அடிக்கடி அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். “இஞ்சினுக்குக் காவலு” என்று அண்ணன் கேலி செய்வான். செய்யட்டும், எனக்கென்ன.

கப்பல் எங்கே நின்றாலும் விலாசம் ஒன்றுதான்: அவர் பெயர், கப்பல் பெயர், பம்பாய்க் கடற்படைத் தபால் நிலையம். அதற்கப்புறம் கடிதம் எந்தக் கடலுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. கேட்டாலும் அவர் எழுதக்கூடாது.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் அறிவிப்பார். “தேதி வச்சு எழுதுங்க, லீவு போட்டுட்டு வாரேன்” என்று அவர் சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போயிருந்தார். அப்பா தேதி வைத்தார், நான் எழுதிப் போட்டேன். முதல் ஓலை வாசித்தாயிற்று, பதில் இல்லை. இரண்டாவதும் ஆயிற்று. தந்தி கொடுத்தோம். தந்திக்கும் அதே விலாசம்தானே. மூன்றாவது ஓலையின்போது சித்தி என் காதோரம் சொன்னாள்: “மாப்ளைக்கே சேதி போகல. தடை சொல்ல யாருடி வரப்போறா?”

கோயிலுக்குள்ளேயே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பத்திரிகை கொடுத்தாயிற்று. கடைசி பஸ்ஸிலாவது இறங்கிவிடுவார் என்று இரண்டு வீட்டாரும் நம்பினோம். இறங்கவில்லை. கல்யாண நாளன்று பந்தல் இருந்தது, சனம் இருந்தது, மாப்பிள்ளை இல்லை. “வந்தவுகள வெறும் வயித்தோடயா அனுப்புறது? எலையப் போடுங்க” என்றாள் அம்மா. பட்டுச்சேலையோடு நானும் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? கடல்மேலா?

அடுத்த வாரம் கறுத்துப்போய் வந்து நின்றார். கையில் என் கடிதத்தின் உறை, இடம் இல்லாமல் முத்திரை மேல் முத்திரை.

“எங்கிட்டு இருந்தீக?”

“கடல்ல.”

“கடல்ல எங்கிட்டு?”

“சொல்லக்கூடாது. ரிட்டயர் ஆனதும் சொல்றேன்.”

மறுநாளே தாலி கட்டினார். வாசித்த ஓலை வீண்போகவில்லை. பிள்ளைகள், வீடு என்று ஆனபிறகு அந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை.

உறையைப் படம் எடுத்து அனுப்பியதும் அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. “இந்த ரெண்டு முத்திரைக்கு நடுவுல கப்பல் எங்க நின்னுச்சுன்னு எங்கயும் பதிவு இல்லம்மா. சாரைக் கேட்டுச் சொல்லுங்க, இப்ப ரகசியம் ஒண்ணும் இல்ல” என்றார்.

சார் அடுத்த அறையில்தான் இருக்கிறார். கொஞ்ச காலமாக மறதி நோய். பிள்ளைகளைத் தெரியவில்லை, சில நாள் என்னையும் தெரிவதில்லை. ஆனாலும் உறையை அவர் கையில் கொடுத்துக் கேட்டேன். “எங்கிட்டு இருந்தீக? இப்பச் சொல்லலாமாம்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயரையும் கப்பல் பெயரையும் பிசகாமல் வாசித்தார். பிறகு மரியாதையாக என்னிடமே நீட்டினார்.

“இவரு இங்க இல்லம்மா. கப்பல்ல இருப்பாரு. அங்க அனுப்பிருங்க.”

கப்பலைத்தான் உடைத்துவிட்டார்களே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிங்க என்று வாங்கிக்கொண்டேன்.