பட்டியலில் இல்லாத மூன்று பேர்

பாலிசியில் அச்சிட்டிருக்கும் ஃபோன் நம்பரை யசோதா நம்பமாட்டார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியின் நம்பரைத் தானே தேடி எடுத்து அழைப்பார். மறுமுனையில் ஆள் வந்ததும், "மேடம், இந்த பாலிசி இன்னிக்கு உசுரோட இருக்கா?" என்று கேட்பார். போலிக் காகிதம் கொண்டுவருகிறவர் அதில் போலி நம்பரையும் போட்டுத்தானே கொண்டுவருவார் என்பார்.

ஹெப்பகோடியில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தகரக் கொட்டகை ஆபீசில், நான் வரைபடங்களோடு மல்லுக்கட்டும் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவருடையது. வயது நாற்பத்தாறு. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுவார். பதினொன்றரைக்கெல்லாம் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். பூச்சு, பிளம்பிங், பெயிண்ட் என்று எங்கள் கம்பெனி வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கும் சப்-கான்ட்ராக்டர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. எடுக்காமல் விட்டு, சாரத்திலிருந்து யாராவது விழுந்தால், பொறுப்பு எங்கள் கம்பெனியின் தலையில் வந்து விழும்.

இதற்குமுன் ஒக்கலிபுரத்தில் ஓர் ஏஜென்ட்டிடம் பதினோரு வருடம் பாலிசி டைப் அடித்தவர். "எதை எழுதாம வுட்டா யாருக்கு லாபம்னு அங்கதான் தெரிஞ்சிக்கிட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். அதனால்தானோ என்னவோ, பாலிசியைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போவார். காகிதத்தில் இருக்கும் ஆட்களும் உள்ளே போகும் ஆட்களும் ஒத்துப்போக வேண்டும்.

போன மார்ச்சில் பூச்சு வேலையை எடுத்த சப்-கான்ட்ராக்டர் டென்சில் வந்தார். பாலிசியில் பதினான்கு பேர். பதினான்கு கொத்தனார்களும் உள்ளே போனார்கள். அவர்கள் பின்னால் மூன்று பெண்கள் கலவைச் சட்டியோடு வந்தார்கள். யசோதா வாட்ச்மேனிடம் கன்னடத்தில் "ஸ்வல்ப நில்ஸி", கொஞ்சம் நிறுத்துங்க, என்றார். அவன் கேட்டை இழுத்துச் சாத்தினான்.

"இவங்க யாரு, டென்சில்?"

"கொத்தனாருங்களோட வீட்டுக்காரம்மாங்க மேடம். சும்மா கூட வந்தாங்க."

"சும்மா வந்தவங்க எதுக்கு சட்டி தூக்கறாங்க?"

டென்சில் சிரித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களிடம் திரும்பி, "நீங்க வூட்டுக்குப் போங்கம்மா, இன்னிக்கு வேலை கெடையாது" என்றார். மூவரில் மூத்தவளான சின்னத்தாயி சட்டியைக் கீழே போட்டாள். டென்சிலை அவள் பார்க்கவில்லை. யசோதாவைத்தான் பார்த்தாள்.

"ஏன் மேடம், ஒங்களுக்கு நாங்க என்னா பண்ணோம்? எங்க பொழப்புல ஏன் கைய வெக்கிறீங்க?"

யசோதாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. டென்சில் பக்கம் திரும்பினார். "இவங்கள அனுப்பிட்டு மூணாவது மாடிக்குக் கலவைய யாரு கொண்டு போவா? நீங்க தூக்குவீங்களா? இந்த மூணு பேரையும் பாலிசில சேத்து லெட்டர் வாங்குங்க. அது வர்ற வரைக்கும் ஒரு கொத்தனாரும் சாரம் ஏற மாட்டாங்க."

பிராஜெக்ட் மேனேஜர் கவியரசன் ஓடிவந்தார். மறுநாள் ஜன்னல் பொருத்த ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் பூச்சு முடிந்தாக வேண்டும் என்றார். "ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் யசோதாம்மா."

"எந்த நாள்னு நீங்க சொல்லுங்க சார். அந்த நாள்ல யாரும் வுழ மாட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. கேட்டத் தொறக்கறேன்."

கவியரசன் எழுதிக் கொடுக்கவில்லை. எல்லோரும் மணல் குவியலின் நிழலில் உட்கார்ந்தார்கள். சின்னத்தாயி அந்த நேரம் முழுவதும் யசோதாவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். மதியம் ஒன்றேகால் மணிக்கு லெட்டர் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, மூன்று பெயரும் ஏறிவிட்டது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் யசோதா கேட்டைத் திறக்கச் சொன்னார். அன்று மாலை தனியாகப் போய், மூன்று பெண்களுக்கும் அரை நாள் கூலி பிடிக்கக்கூடாது என்று டென்சிலிடம் சண்டை போட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டென்சில்தான் புலம்பினார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, சாரப் பலகை நழுவி சின்னத்தாயி முதல் மாடியிலிருந்து விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. இரண்டு ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் செலவையும், வேலைக்கு வர முடியாத மாதங்களுக்கான இழப்பீட்டையும் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மூன்று வாரம் அலைந்து ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்துக் கொடுத்தவர் யசோதா.

ஒருநாள் அவரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னத்தாயி கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் மேடம்."

"பேசுனா என்னா? கூலி போவும்னா நானும்தான் பேசுவேன்" என்ற யசோதா, தலையணையை இழுத்து அவள் முழங்காலுக்கு அண்டை கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில், "நல்லா கெட்டியா எலும்பு சேரணும்" என்று மட்டும் சொன்னார்.

விவரம் தெரிந்து, எங்கள் கம்பெனி முதலாளி உத்தமன் கொட்டகைக்கே வந்தார். அதுவரை அவர் காரைவிட்டு இறங்கியதே அபூர்வம். யசோதாவின் மேஜைக்கு எதிரே நின்று, "அம்மா, நீங்க மட்டும் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். யசோதாவின் காதில் ஃபோன் இருந்தது. டைல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு சித்தாளின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பேச்சை நிறுத்தாமல், உள்ளங்கையை உயர்த்தி முதலாளியைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே எதிர் நாற்காலியைக் காட்டினார்.