பதினெட்டு புள்ளி ஒன்பது

என் மகளுக்கு ஏழு வயது. ஐந்து வயதிலிருந்து நீரிழிவு. இன்சுலின் ஊசி இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் கழியாது. கையில் ஒட்டிய சென்சர் அவளுடைய சர்க்கரை அளவை ஒரு செயலி வழியாக என் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இங்கே கணக்கு மில்லிமோலில்; ஆறு, ஏழு என்றால் சரி, பத்தைத் தாண்டினால் அதிகம். மருத்துவமனைத் தாதியும் அதைப் பார்ப்பார். மிஸ்ஸி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சந்தேகம் கேட்டால் அதே செயலியில் பதில் எழுதுவார். நான் நிறையக் கேட்பேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் குளிக்கும்போது சென்சர் கழன்றுவிட்டது. புதியது வர இரண்டு நாளாகும். அதுவரை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அந்த அளவும் கணவரின் கைப்பேசி வழியாக எனக்கு வந்துவிடும்.

கிருத்திகைக்குப் பஞ்சாமிர்தம் பிசைந்து கொடுப்பது கணவர் வீட்டு வழக்கம். மகளைக் கிள்ளான் கோயிலுக்கு அழைத்துப் போனார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

"ஒரு வாய்கூடக் குடுத்துடாதீங்க."

"தெரியும் லா. நீ ஃபோனையே மொறச்சிக்கிட்டு உக்காராம, போய்ப் பசியாறு."

பதினொரு மணிக்குத் திரையில் 18.9 என்று வந்தது. கூடவே அவருடைய செய்தி: 'மேளச் சத்தம், பேச முடியாது. எதுவும் சாப்பிடல. எவ்வளவு போடணும்?'

மருத்துவமனை கொடுத்த அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 'மூன்று யூனிட்' என்று அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். காலையில் ஆறுதானே இருந்தது? சாப்பிடாமல் எப்படி இவ்வளவு ஏறும்? மிஸ்ஸிக்கு எழுதினேன். பஞ்சாமிர்தம் பிசைகிற இடத்துக்குப் போயிருக்கிறாள், ஆனால் சாப்பிடவில்லை என்றேன்.

உடனே பதில் வந்தது. 'அவளும் கை வச்சுப் பிசைஞ்சாளா? விரலில் உள்ள இனிப்பே அளவைக் கூட்டிக் காட்டும். ஊசி வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்துங்கள்.'

கணவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். தோளில் குழந்தை அனலாய்க் கிடந்து அழுதது. தேவையில்லாத மூன்று யூனிட் அந்தச் சின்ன உடம்பில் இறங்கினால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும்; வேர்க்கும், நடுங்கும், கண் சொருகும். கோயிலில் அதைப் பார்ப்பவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். திருநீறு பூசி, கையெடுத்துக் கும்பிட்டு நிற்பார்கள். யாரும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்.

எட்டாவது முறை எடுத்தார்.

"ஊசி போட்டுட்டீங்களா?"

"எங்க? இன்சுலின் பேனாவுல மூணு யூனிட் வச்சிட்டு நிக்கிறேன், உன் மக சட்டையத் தூக்க மாட்டேங்கிறா. அம்மா வாயால சொன்னாத்தான் போட்டுக்குவாளாம். குட்டி மிஸ்ஸி. இந்தா, நீயே சொல்லு."

"போடாதீங்க. அவ கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"டிஸ்யூல தொடச்சிட்டுத்தானே குத்துனேன்."

"கழுவுங்க."

குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு அவள் முனகல். திரையில் 6.3.

"பார்த்தியா, ஒண்ணுமில்ல," என்று அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மிஸ்ஸியின் பதில் வருவதற்கு முன்னால் அவர் கைப்பேசியை அவளிடம் நீட்டியிருந்தால், "போட்டுக்கோ கண்ணு" என்று நானே சொல்லியிருப்பேன். அவளும் உடனே சட்டையைத் தூக்கியிருப்பாள்.