விரதமும் கட்டிப்பாலும்

தை மாதம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிசன் அப்படியே சரிந்துபோனார். உயிர் தப்பியது அவர். பயம் பிடித்தது எனக்கு. அன்றுதொட்டு ஏப்பம் வந்தாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் குந்திவிடுவேன்.

"வாயு," என்பாள் மனைவி.

"மாரடைப்பு," என்பேன் நான். இதுவரைக்கும் அவள்தான் சரி. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

கடைசியில் இரத்தம் சோதித்தோம். டொக்டர் அம்மா தாளைப் பார்த்துச் சொன்னா: "கெட்ட கொழுப்புக் கூட. உடம்புக்குள்ள அழற்சியும் காட்டுது, அது இரத்தக் குழாய்க்குக் கூடாது. சாப்பாட்டைத் திருத்துங்கோ. ஈஸ்டர் முடிய வாங்கோ, குறையாட்டி குளிசை தொடங்குவம்."

அண்ணன் காலையும் மாலையும் ஒரு கை குளிசை விழுங்குவதைப் பார்த்தவன் நான். சாவைவிட அந்தக் குளிசைதான் என்னை வெருட்டியது.

நல்ல காலம், அந்தக் கிழமையே தவக்காலம் தொடங்கியது. ஆண்டவரே பத்தியம் எழுதித் தந்ததுபோல இருந்தது. இறைச்சி இல்லை, முட்டை இல்லை. மற்றவர்கள் மீன் தின்னட்டும், நான் அதையும் விட்டேன். கொழுப்பென்றால் ஆட்டில் இருக்கும், மாட்டில் இருக்கும். மரத்தில் காய்க்கிற தேங்காய்க்கு என்ன கொழுப்பு?

மீன் இல்லாத சோறு தொண்டைக்குள் இறங்குமா? இறங்குவதற்காக மனைவி கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்துத் தேங்காயின் முதல் கட்டிப்பால் விட்டாள். பருப்புக்கும் கட்டிப்பால். மேலே தேங்காய்ப்பால் சொதி, பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிய, கோயிலடிக் கடையில் பாம் எண்ணெயில் சுட்ட வடை. அதுவும் மரக்கறிதானே!

பசாரில் எண்ணெய்க்கடை வைத்திருக்கிற என் கூட்டாளி முஸ்லிம் ஆள். இந்த வருசம் அவருடைய நோன்பும் எங்கள் தவக்காலமும் சேர்ந்து வந்தன. "மச்சான், நோன்பு பிடிச்சு நான் மெலிஞ்சு போனன். நீ என்னடா, விரதம் பிடிச்சுப் பிடிச்சு ஊதிக்கொண்டு வாறாய்?"

"பக்தி முத்தினால் உடம்பு பூரிக்கும்," என்றேன்.

ஈஸ்டர் முடியத் திரும்பச் சோதித்து டொக்டரிடம் போனால், கொழுப்பு முந்தினதைவிட ஏறிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெசினைத்தான் முதலில் குற்றம் சொன்னேன். "டொக்டர், மீன் வாசமே படேல்லை. முழுக்க மரக்கறி!"

"எதில சமைச்சது?"

சொல்லச் சொல்ல அவ பேனையைக் கீழே வைத்தா. "ஐயா, தேங்காயிலயும் பாமிலயும் இருக்கிறது கூடுதலா உறையிற கொழுப்பு. மரத்தில காய்ச்சாலும் அளவு மிஞ்சினால் கெட்ட கொழுப்பை ஏத்தும். நல்லெண்ணெயும் கச்சான் கடலையும் அப்பிடியில்லை. அழற்சிக்கு எண்ணெய் மட்டும்தான் காரணமெண்டு சொல்லமாட்டன். உங்கட தொப்பை வயிறும் ஒரு காரணம். அது சரி, மீனை ஏன் விட்டனீங்கள்? சாளையில, கும்பிளாவில இருக்கிறது இதயத்துக்கு நல்ல கொழுப்பெல்லே!"

சுற்றிவரக் கடல். மீன்காரன் ஒவ்வொரு நாளும் வாசலில் ஹோன் அடித்தான். புனிதர் மாதிரிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேனே! யாரோடு கோபிப்பது? கோயில் மீனையே விடச் சொல்லவில்லை. கட்டிப்பால் குடிக்கவும் சொல்லவில்லை. வளவில் நிற்கிற தென்னையைத்தான் முறைத்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு நின்றது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாளைக் குழம்பு. சொதி மூன்றாம் பாலில், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. பக்கத்தில் குளிசை. "இஞ்சாருங்கோ, முதல்ல சாப்பிட்டிட்டு அதை விழுங்குங்கோ," என்றாள் மனைவி.

பாதிச் சாப்பாட்டில் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. நெஞ்சைப் பிடிக்கக் கை இல்லை, முள்ளு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வாயு," என்றேன், அவள் வாய் திறக்க முன்னம்.