ஆசீர்வாதமா இரு

வண்டிப் பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாருமே போர்மேனுடைய பெயர் ஆசீர்வாதம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அது பெயர் இல்லை, மற்றவர்கள் சூட்டிய பட்டம். நேரே அப்படிக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் விவரம் புரியும்.

ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் சாக்கடைதான். பட்டறைக்காரர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்கில் நரம்பில்லாமல் பேசிய அந்த மனிதர், ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு கெட்ட வார்த்தையை விட்டார். விட்டார் என்றால் விட்டார்தான், அதில் பொய் கிடையாது. சபையில் எழுந்து நின்று, "என் நாக்கைக் கர்த்தர் கழுவிட்டார்" என்று சாட்சி சொல்வார். எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். கழுவியது நாக்கைத்தான். கோபத்தை அவர் கழுவக் கொடுக்கவே இல்லை.

கோபம் வந்தால் வாய்க்கு ஏதாவது வேண்டுமே. வசவு இருந்த இடத்தில் ஆசீர்வாதத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். வெல்டர் பற்றவைத்த இடம் விட்டுப்போனால், பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா... ஆசீர்வாதமா இரு!" என்பார். அந்த 'நல்லா'வை இழுக்கிற இழுப்பிலேயே பழைய வார்த்தை முழுசாக உட்கார்ந்திருக்கும். புது மொந்தையில் பழைய கள். பட்டறைக்காரர்களுக்கு அது வேடிக்கை. "இன்னைக்கு உனக்கு எத்தனை ஆசீர்வாதம்?" என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுச் சிரிப்பார்கள். வேலை முடிந்தால் அவர்கள் போய்விடலாம். வீட்டில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

மனைவி தட்டைக் கீழே போட்டால் ஆசீர்வாதம். மகளுக்கு மார்க் குறைந்தால் ஆசீர்வாதம். அடி கிடையாது, அசிங்கப் பேச்சு கிடையாது. பக்கத்து வீட்டில் சொல்லி அழவும் வழி கிடையாது. "ஆசீர்வாதமா இருன்னு சொல்றார்க்கா" என்று புகார் சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கல்யாண ஆராதனை முடிவில் பெண்ணைப் பெற்றவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். போர்மேனுக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை, இது ஒன்று இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து நட்டை முடுக்கும்போதுகூட, சொல்லப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பெண். அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதை அவளிடம் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர்முன் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு என் தலையில கை மட்டும் வைங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்."

"ஏன், பெத்தவன் ஆசீர்வாதம் பண்ணக் கூடாதா?"

"அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குத் திட்டு வாங்கின மாதிரிதான்ப்பா. பாஸ்டர் சொன்னாக்கூட, நான் என்ன தப்பு பண்ணினேன்னுதான் முதல்ல தேடுறேன்."

"உன்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கேனா? சொல்லு, ஒண்ணே ஒண்ணு!"

"சொல்லியிருக்கலாம்ப்பா. நல்ல வார்த்தையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் நாக்கைக் கட்டிக் காத்ததற்குக் கூலி இதுதானா? பல்லை நறநறவென்று கடித்தார். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"நல்லா... ஆசீர்வாதமா இரு!"

மகள் தோளைக் குறுக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் அப்படி நிற்பது புதிதல்ல. அவர் அதைப் பார்த்ததுதான் புதிது. நெல்லைக் கொட்டியிருந்தால் குனிந்து அள்ளியிருக்கலாம், கொட்டிய சொல்லை எப்படி அள்ளுவது? வெளியே போனார்.

மறுநாள் சபையில் மகள் முழங்காலில் நின்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் மைக்கில், "பாருங்க, சந்தோஷத்துல அப்பாவுக்குப் பேச்சே வரல" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் கைக்குக் கீழே மகளின் கழுத்து விறைத்துப்போய் இருந்தது. எந்த நிமிஷமும் சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் கையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.